அமெரிக்கக் குடும்பமொன்றின் ஏழு தலைமுறைகளைத் தேடுவது எப்படி? லிங்கன் வழிமரபை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் குடும்பங்களின் முன்னோரைத் தேடும் முறையை விளக்க வேண்டுமென்றால் ஒரு குடும்பத்தைக் கையில் எடுத்துக்கொள்வதுதான் எளிது. இங்கே ஆபிரகாம் லிங்கனின் தந்தைவழி எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவர் குடியரசுத் தலைவராக இருந்தார் என்பது இதற்குக் காரணமன்று. எளிய உழவர்களும் நெசவாளர்களும் கொல்லர்களும் நிறைந்த இந்தக் குடும்பத்தில், தேடுபவர் சந்திக்கக்கூடிய இடர்கள் அனைத்தும் வந்திருக்கின்றன. அவை எவ்வாறு தீர்க்கப்பட்டன என்பதும் பதிவாகியிருக்கிறது.

அந்த ஏழு தலைமுறையினர் யாவர்?

கீழிருந்து மேலாகச் சொன்னால், 1809இல் பிறந்து 1865இல் கொல்லப்பட்ட ஆபிரகாம் லிங்கன். அவருடைய தந்தை தாமஸ் (1778–1851). பாட்டனார் ஆபிரகாம் (1744–1786), இவரைப் பேரனிடமிருந்து பிரித்தறியக் கேப்டன் ஆபிரகாம் என்பர். பூட்டனார் ஜான் (1716–1788). அவருக்கு மேலே தந்தையும் மகனுமாக இரண்டு மொர்தெகாய்கள், மகன் 1686இல் பிறந்து 1736இல் இறந்தவர், தந்தை 1657இல் பிறந்து 1727இல் இறந்தவர். எல்லோருக்கும் மேலே, 1637இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலிருந்து கப்பலேறி மாசசூசெட்ஸின் ஹிங்கம் ஊரில் குடியேறிய சாமுவேல் லிங்கன். மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, வர்ஜீனியா, கென்டக்கி, இந்தியானா, இல்லினாய் என்று ஏறத்தாழ ஒவ்வொரு தலைமுறையும் ஓர் எல்லையைக் கடந்திருக்கிறது. ஆவணங்கள் சிதறிக் கிடப்பதற்கு இந்த இடப்பெயர்ச்சியே முதற்காரணம்.

லிங்கனுக்கே தம் முன்னோரைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது?

மிகக் குறைவாகவே தெரிந்திருந்தது. 1848இல் அவர் நாடாளுமன்ற உறுப்பினராக வாஷிங்டனில் இருந்தபோது, ஹிங்கம் ஊரைச் சேர்ந்த சாலமன் லிங்கன் என்பவர் அவருடைய குடும்ப வரலாற்றைக் கேட்டுக் கடிதம் எழுதினார். லிங்கன் எழுதிய பதிலின் சாரம் இது: தந்தையின் பெயர் தாமஸ், பாட்டனாரின் பெயர் தம் பெயரே, பாட்டனார் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) சுமார் 1782இல் கென்டக்கிக்குச் சென்று, இரண்டாண்டுகளில் பூர்வகுடியினரால் கொல்லப்பட்டார், பூட்டனார் பென்சில்வேனியாவிலிருந்து வந்த குவேக்கர் சமயத்தவர் என்று தெளிவற்ற ஒரு செவிவழிச் செய்தி உண்டு, அதற்கு மேல் தாம் கேள்விப்பட்டதே இல்லை. தந்தை ஆறு வயதில் அநாதையாகி, வறுமையில், புதிதாகக் குடியேறிய நாட்டில், படிப்பில்லாமல் வளர்ந்ததுதான் தமது அறியாமைக்குக் காரணமாக இருக்கும் என்றும் எழுதினார். அத்தோடு நிறுத்தாமல், ராக்கிங்ஹாம் பகுதியின் உறுப்பினரை விசாரித்து, அங்கே வாழ்ந்த டேவிட் லிங்கன் என்பவரின் பெயரைத் தெரிந்துகொண்டு அவருக்கும் கடிதம் எழுதினார். இன்றைக்கு ஒருவர் செய்ய வேண்டியதும் ஏறத்தாழ இதுவே.

1859 டிசம்பரில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் அவர் இன்னொன்றைச் சொன்னார். ஹிங்கம் அடங்கிய வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் லிங்கன்களோடு தம் குடும்பத்தை இணைக்கச் செய்த முயற்சி, இரு குடும்பங்களிலும் ஏனோக்கு, லேவி, மொர்தெகாய், சாலமன், ஆபிரகாம் போன்ற பெயர்கள் வருகின்றன என்ற ஒற்றுமையைத் தாண்டி எதையும் உறுதிப்படுத்தவில்லை என்றார். பின்னாளில் அந்த இணைப்பு மெய்யென்று நிறுவப்பட்டது. ஆயினும், கையில் சான்று இல்லாத நாளில் இடத்தை வெறுமையாக விட்ட லிங்கனே சரியாகச் செய்தவர் என்பது என் கருத்து. ஊகம் பின்னர் பலித்துவிட்டது என்பதற்காக, ஊகித்த நாளில் அது சான்றாகிவிடாது.

தேடலை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தன்னிலிருந்து, அல்லது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்த கடைசி மனிதரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாக மேலே ஏற வேண்டும். புகழ்பெற்ற ஒருவரை மேலே நிறுத்தி, அவரிடமிருந்து தம்மை நோக்கி இறங்கி வர முயல்பவர்கள் பெரும்பாலும் வேறொரு குடும்பத்தின் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் எவ்வளவு உதவும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பின்னோக்கிச் செல்ல அவற்றைவிடச் சிறந்த கருவி இல்லை. கூட்டரசின் முதல் கணக்கெடுப்பு 1790இல் நடந்தது. அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. ஆனால் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவியும் மக்களும் வயதுப் பிரிவின் கீழ் வெறும் எண்ணிக்கை. அடிமைப்படுத்தப்படாத ஒவ்வொருவரின் பெயரும் 1850இல்தான் முதன்முதலாக எழுதப்பட்டது. குடும்பத் தலைவருக்கு அவர் என்ன உறவு என்பது 1880இல்தான் சேர்ந்தது. 1890ஆம் ஆண்டுப் படிவங்களில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தாலும் அதன் பின்விளைவுகளாலும் அழிந்ததால், 1880க்கும் 1900க்கும் இடையே இருபதாண்டு வெற்றிடம் இருக்கிறது. தனிமனிதர் விவரங்கள் 72 ஆண்டுகள் கழித்தே வெளியிடப்படும் என்பதால், 1950ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. அடுத்தவை 2032இல் வரும்.

வயதுகளை மட்டும் நம்ப வேண்டாம். இல்லினாயின் ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கன் வீட்டுப் பதிவையே பாருங்கள். திருமதி மேரி லிங்கன் பிறந்தது 1818 டிசம்பரில். 1850ஆம் ஆண்டுப் படிவத்தில் அவருக்கு வயது 28 என்றிருக்கிறது; உண்மையில் 31. பத்தாண்டு கழித்து 1860இல் எடுத்த படிவத்தில் 35 என்றிருக்கிறது, உண்மையில் 41. பத்தாண்டுகளில் அம்மையார் ஏழு ஆண்டுகளே மூத்திருக்கிறார்! கணக்கெடுப்பாளரிடம் வீட்டில் யார் பதில் சொன்னார் என்பது படிவத்தில் இல்லை. இதைப் பிழை என்று ஒதுக்காமல், ஐந்தாறு ஆண்டு முன்பின்னாக இருக்கும் வயதை வைத்துக்கொண்டு ஒருவரை வேறொருவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கான எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் எல்லோருக்கும் கிடைக்குமா?

கிடைக்கா. மாசசூசெட்ஸில் ஊர்ப் பதிவேடுகள் பதினேழாம் நூற்றாண்டிலேயே தொடங்கின. மாநில அளவிலான பதிவு 1841இல் வந்தது. பென்சில்வேனியாவில் 1906, கென்டக்கியில் முறையாக 1911, இல்லினாயில் 1916 என்று மற்ற மாநிலங்கள் மிகவும் பிந்தின. வர்ஜீனியா 1853இல் தொடங்கி, 1896இல் விட்டுவிட்டு, 1912இல் மீண்டும் தொடங்கியது. ஆகவே 1809இல் கென்டக்கியில் ஒரு மரக்குடிலில் பிறந்த குழந்தைக்கு அரசுச் சான்று எதுவும் இருக்க வாய்ப்பில்லை. குடும்ப வேதாகமத்தின் ஏடுகளில் எழுதிவைத்த பிறப்பு, திருமணக் குறிப்புகளே அந்த இடத்தை நிரப்பின. தாமஸ் லிங்கனின் குடும்ப வேதாகமத்தில் அத்தகைய குறிப்புகளை எழுதியவர் அவருடைய மகன் ஆபிரகாமேதான். நிகழ்ச்சிகள் நடந்து நெடுங்காலம் கழித்து எழுதினார். இத்தகைய ஏட்டைப் பார்க்கும்போது மையும் கையெழுத்தும் ஒரே சீராக இருக்கின்றனவா என்பதைக் கவனிக்க வேண்டும். சீராக இருந்தால் அனைத்தும் ஒரே அமர்வில், நினைவிலிருந்து எழுதப்பட்டவை என்று கொள்ளலாம்.

குறிப்பிட்ட ஊரில் தேடியும் ஆவணம் அகப்படவில்லையென்றால்?

பெரும்பாலும் தவறான கவுண்டியில் தேடியிருப்பீர்கள். இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் கைவிடப்பட்ட தேடல்களில் பாதிக்கு மேல் இங்கேதான் நின்றுபோயிருக்கின்றன.

அமெரிக்காவில் உயிலும் கிரயப் பத்திரமும் திருமணப் பதிவும் கவுண்டி நீதிமன்றத்தின் பொறுப்பு. குடியேற்றம் பெருகப் பெருகப் பெரிய கவுண்டிகளை வெட்டிப் புதிய கவுண்டிகளை உருவாக்கினார்கள். குடும்பம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் ஆவணங்கள் மட்டும் வேறு வேறு நீதிமன்றங்களுக்குப் போகும். இளைய மொர்தெகாய் 1736இல் இறந்த பண்ணை இன்று பெர்க்ஸ் கவுண்டியில் இருக்கிறது. ஆனால் பெர்க்ஸ் கவுண்டி உருவானது 1752இல். அவருடைய உயில் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்தது. அவருடைய மகன் ஜான் 1768இல் வர்ஜீனியாவின் லின்வில் ஓடைக் கரைக்குக் குடிபெயர்ந்தார். அவ்விடம் அப்போது அகஸ்டா கவுண்டி. 1778இல்தான் ராக்கிங்ஹாம் ஆயிற்று. லிங்கன் பிறந்த இடம் அன்று ஹார்டின் கவுண்டி. 1843 முதல் லாரூ கவுண்டி.

பெற்றோரின் திருமணப் பதிவு இதற்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. தாமஸும் நான்சி ஹாங்க்ஸும் மணம் முடித்தபின் ஹார்டின் கவுண்டியின் எலிசபெத்டவுனில் வாழ்ந்தார்கள். ஆகவே பதிவைத் தேடியவர்கள் அங்கேயே தேடினார்கள், அகப்படவில்லை. அகப்படாததைக் கொண்டு, அவர்களுக்கு முறையான திருமணமே நடக்கவில்லை என்ற அவதூறு கிளம்பி, லிங்கன் இறந்த பிறகும் ஓயாமல் உலவியது. ஆனால் அந்நாளைய வழக்கப்படி திருமணம் மணமகள் இருந்த கவுண்டியில் பதிவாகும். நான்சி இருந்தது பக்கத்திலிருந்த வாஷிங்டன் கவுண்டியில். 1870களின் பிற்பகுதியில் அக்கவுண்டியின் நீதிமன்றக் கட்டுகளுக்குள்ளிருந்து திருமண உறுதிப் பத்திரமும், போதகர் ஜெஸ்ஸி ஹெட் அளித்த பட்டியலும் வெளிவந்தன. பத்திரத்தின் நாள் 1806 ஜூன் 10. திருமணம் ஜூன் 12. மூத்த மகள் சாரா பிறந்தது 1807 பிப்ரவரியில். பத்திரத்தில் தாமஸோடு ரிச்சர்ட் பெர்ரி என்பவரும் கையொப்பமிட்டிருக்கிறார். தம் பெயருக்குப் பக்கத்தில் 'காப்பாளர்' (கார்டியன்) என்று எழுத நினைத்து, ஆங்கிலத்தில் 'தோட்டம்' என்று பொருள்படும் 'கார்டன்' என்ற சொல்லை எழுதிவைத்தார். எழுத்துக்கூட்டல் பிழைதான், ஆனால் நான்சி எந்த வீட்டின் பொறுப்பில் இருந்தார் என்பதை அந்தப் பிழையான சொல்தான் காட்டுகிறது.

சில சமயம் ஆவணம் உண்மையிலேயே எரிந்துபோயிருக்கும். ராக்கிங்ஹாம் கவுண்டியின் பத்திர ஏடுகளைப் பாதுகாப்புக்காக வண்டியில் ஏற்றிக்கொண்டு சென்றபோது, உள்நாட்டுப் போரின் நடுவே, 1864 ஜூனில், கூட்டரசுப் படையினர் அந்த வண்டிக்குத் தீ வைத்தார்கள். படைகளின் தலைமைத் தளபதி யார்? ஆபிரகாம் லிங்கன். தம் பாட்டனார் வாழ்ந்த கவுண்டியின் ஏடுகள் தம் படையால் எரிந்தன என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். இத்தகைய இடங்களில் வரிப் பட்டியல்கள், பக்கத்துக் கவுண்டி ஏடுகள், மாநிலத் தலைநகரின் நில அலுவலகப் பதிவுகள் ஆகியவற்றை நாட வேண்டும். 1790, 1800ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்புப் படிவங்கள் கென்டக்கிக்கும் வர்ஜீனியாவுக்கும் இல்லாததால், அங்கே வரிப் பட்டியல்களே கைகொடுக்கின்றன.

ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருந்தால் எப்படிப் பிரித்தறிவது?

தொழில், மனைவியின் பெயர், நிலத்தின் எல்லை, கையொப்பம் ஆகிய அடையாளங்களைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் காலவரிசை எழுத வேண்டும். ஆரம்பகால ஹிங்கமில் நான்கு தாமஸ் லிங்கன்கள் இருந்தார்கள். ஊரார் அவர்களை நெசவுக்காரர் தாமஸ், பீப்பாய் செய்யும் தாமஸ், மாவு ஆலைத் தாமஸ், உழவர் தாமஸ் என்று அழைத்தார்கள். பதிவேடுகளிலும் அவ்வாறே எழுதினார்கள். சாமுவேலின் அண்ணன் இவர்களுள் நெசவுக்காரர்.

உறவுச் சொற்களிலும் ஒரு சிக்கல் உண்டு. நமக்குப் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை கணவர் என்று தனித்தனிச் சொற்கள் இருக்க, ஆங்கிலத்தில் எல்லோருக்கும் 'அங்கிள்' ஒன்றுதான். லிங்கன் கடிதங்களில் வரும் 'அங்கிள் மொர்தெகாய்' அவருடைய பெரியப்பா என்பதை வேறு ஆவணத்தைக் கொண்டுதான் உறுதி செய்ய வேண்டும். குடியேற்றக் காலத்தில் 'கசின்' என்ற சொல் அண்ணன் தம்பி பிள்ளைகளையும் குறித்தது. 'சீனியர்', 'ஜூனியர்' என்றால் தந்தையும் மகனும் என்று எண்ணிவிடக் கூடாது. ஊரில் அப்பெயருடைய மூத்தவர், இளையவர் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. உயிலில் 'மதர் இன் லா' என்று வந்தால் மாமியாராகவும் இருக்கலாம், மாற்றாந்தாயாகவும் இருக்கலாம்.

குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டல் மாறினால் வேறு குடும்பமா?

இல்லை. எழுதத் தெரியாதவர் சொல்ல, எழுதத் தெரிந்தவர் தம் காதில் விழுந்தபடி எழுதியவையே பழைய பதிவுகள். கேப்டன் ஆபிரகாம் 1780இல் கென்டக்கியில் 400 ஏக்கருக்கு வாங்கிய நில உரிமையில் அவர் பெயர் 'லிங்க்ஹார்ன்' என்றிருக்கிறது. நியூ ஜெர்சியில் 1720இல் மூன்று வயதும் நான்கு மாதமுமாக இறந்த தெபோரா என்ற குழந்தையின் கல்லறைக் கல்லில் இரண்டாவது 'எல்' எழுத்து இல்லை. தேடு பெட்டியில் சரியான எழுத்துக்கூட்டலை மட்டும் இட்டால் இவ்விருவரும் சிக்கமாட்டார்கள். நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள், குடியேற வந்தவர்களின் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுவது உண்மையன்று. கப்பல் நிறுவனம் புறப்பட்ட துறைமுகத்தில் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டுதான் அவர்கள் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பின்னர்த் தாங்களாகவே மாற்றிக்கொண்டவர்கள்.

பிறப்புப் பதிவு இல்லாமல், இன்னாரின் மகன் இன்னார் என்று எப்படி நிறுவுவது?

தனித்தனியே வலுவற்ற பல சான்றுகள் ஒரே திசையைக் காட்டும்போது நிறுவலாம். லிங்கனால் முடியாமற்போன பென்சில்வேனியா–ஹிங்கம் இணைப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாறுதான் நிறுவப்பட்டது. மூத்த மொர்தெகாய் மாசசூசெட்ஸின் சிச்சுவேட்டில் இரும்புத் தொழில் செய்தவர். அவருடைய உயில், மகன்களான மொர்தெகாய்க்கு 110 பவுண்டும் ஆபிரகாமுக்கு 60 பவுண்டும் கொடுக்கிறது. அதே பெயர்களில், அதே இரும்புத் தொழிலில், இரண்டு சகோதரர்கள் நியூ ஜெர்சியிலும் பின்னர் பென்சில்வேனியாவிலும் தோன்றுகிறார்கள். இளைய மொர்தெகாயின் உயில் நியூ ஜெர்சி நிலத்தை மகன் ஜானுக்கு எழுதுகிறது. அந்த ஜான் 1748இல் 300 ஏக்கர் நிலத்தை விற்றபோது, தாம் மொர்தெகாயின் மகனும் வாரிசும் என்று பத்திரத்தில் சொல்கிறார். பெயர் ஒற்றுமை மட்டும் இருந்தவரை அது ஊகம். தொழிலும் உயிலும் கிரயப் பத்திரமும் சேர்ந்தபின் அது நிறுவப்பட்ட செய்தி. நில ஆவணங்களைச் சலிப்பில்லாமல் படிப்பவர்களுக்கே இத்தகைய முடிச்சுகள் அவிழும் என்பேன்.

பத்திரத்தில் முதன்மையானவர்களை மட்டுமல்லாது சாட்சிகளையும் பார்க்க வேண்டும். கேப்டன் ஆபிரகாமின் நிலம் 1785இல் அளக்கப்பட்டபோது அளவைச் சங்கிலியைப் பிடித்தவர்கள் ஹனனியா லிங்கனும் ஜோசையா லிங்கனும். ஜோசையா அவருடைய மகன். கூலியாள் பெயரென்று கடந்துபோயிருந்தால் ஓர் உறவு கைநழுவியிருக்கும்.

குடும்பத்தில் வழங்கும் கதைகளை நம்பலாமா?

நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், சோதிக்க வேண்டும். பாட்டனார் கொல்லப்பட்டதும், பதினான்கு வயதுப் பெரியப்பா மொர்தெகாய் கொன்றவர்களுள் ஒருவரைச் சுட்டதுமே மற்றெல்லாக் கதைகளையும்விட ஆழமாகத் தம் நினைவில் பதிந்தது என்று லிங்கன் 1854இல் ஓர் உறவினருக்கு எழுதினார். நிகழ்ச்சி உண்மை. ஆனால் அவர் குறித்த 1784 என்ற ஆண்டு பொருந்தவில்லை. பாட்டனார் இறந்தது 1786இல். கதைகள் மனிதரையும் நிகழ்ச்சியையும் காப்பாற்றிவிடும். ஆண்டையும் வரிசையையும் கோட்டைவிடும்.

இரண்டாண்டு வேறுபாட்டால் என்ன என்று கேட்கலாம். வர்ஜீனியா மூத்த மகனுக்கே சொத்து என்ற பழைய முறையை 1785இல் ஒழித்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1787 தொடக்கத்தில். கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. உயில் எழுதாமல் 1786இல் இறந்ததால், கேப்டனின் நிலம் முழுவதும் மூத்தவரான மொர்தெகாய்க்குப் போயிற்று. கடைக்குட்டியான தாமஸ் வெறுங்கையோடு கூலி வேலைக்குப் போனார். ஓர் ஆண்டு பிந்தி இறந்திருந்தால் லிங்கனின் தந்தையும் நிலத்தில் பங்குபெற்றிருப்பார்.

கடல் கடந்து வந்த முதல் மனிதரை எவ்வாறு அடையாளம் காண்பது?

1820 முதல் கப்பல் பயணியர் பட்டியலைக் கூட்டரசிடம் ஒப்படைப்பது கட்டாயமாயிற்று. நியூயார்க்கில் 1855 முதல் காசில் கார்டனும், 1892 முதல் எல்லிஸ் தீவும் குடியேறியோரை வரவேற்ற இடங்கள். அதற்கு முந்தைய பட்டியல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எஞ்சியிருக்கின்றன.

சாமுவேலின் பட்டியல் நற்பேறாக எஞ்சியது. 1637 ஏப்ரலில், நார்விச் நகர நெசவாளர் பிரான்சிஸ் லாஸ் என்பவர், மனைவி, ஒரு மகள், இரண்டு பணியாட்களுடன் நியூ இங்கிலாந்து செல்ல அனுமதி கேட்கிறார். பணியாட்களுள் ஒருவர் சாமுவேல் லிங்கன், வயது 18. ஆனால் நார்ஃபோக்கின் ஹிங்கம் தேவாலய ஏட்டில் அவருடைய ஞானஸ்நானம் 1622 ஆகஸ்டில் பதிவாகியிருக்கிறது; அக்கணக்கில் கப்பலேறியபோது அவருக்குப் பதினைந்துகூட நிரம்பவில்லை. வயதைக் கூட்டிச் சொன்னாரா, அல்லது பிறந்து சில ஆண்டுகள் கழித்து ஞானஸ்நானம் நடந்ததா என்று இரு விதமாகவும் எண்ண இடமுண்டு. ஆகவே பொறுப்புள்ளவர்கள் '1622இல் பிறந்தார்' என்று எழுதாமல் '1622இல் ஞானஸ்நானம் பெற்றார்' என்றே எழுதுகிறார்கள். ஆவணம் எந்த நிகழ்ச்சியைச் சொல்கிறதோ அதை மட்டும் எழுதுவதுதான் முறை.

1752க்கு முந்தைய நாள்கள் ஏன் இரண்டு ஆண்டுகளைக் காட்டுகின்றன?

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அதுவரை புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்கியது. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான நாள்களை இரண்டு ஆண்டுகளும் தெரியும்படி 1686/87 என்று எழுதுவார்கள். அதை அப்படியே படியெடுக்க வேண்டும். ஒன்றைத் தேர்ந்து மற்றதை அழிக்கக் கூடாது.

தாய்வழியைத் தேடுவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

மணமான பெண் கணவரின் குடும்பப் பெயரை ஏற்பதாலும், பெரும்பாலான இடங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவள் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள இயலாததாலும் ஆவணங்களில் அவளுடைய தடம் மங்கிவிடுகிறது. கேப்டன் ஆபிரகாமின் மனைவி பத்சேபாளின் பிறந்தகம் எது என்பதே நெடுநாள் விவாதிக்கப்பட்டது.

நான்சி ஹாங்க்ஸின் கதை இன்னும் சிக்கலானது. கென்டக்கியின் நெல்சன் கவுண்டியில் ஜோசப் ஹாங்க்ஸ் என்பவர் 1793இல் எழுதிய உயிலில், மகன்களுக்குக் குதிரைகளையும் மகள்களுக்குப் பெயர் சொல்லி ஆளுக்கொரு கிடாரிக் கன்றையும் கொடுக்கிறார். மகள் நான்சிக்குக் கிடைத்த கன்றின் பெயர் பீடி. இந்த நான்சியே லிங்கனின் தாய் என்று சிலர் நம்பினார்கள். ஆனால் ஹாங்க்ஸ் குடும்பத்தில் நான்சி என்ற பெயர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. கன்றைப் பெற்றவர் லிங்கனின் தாய்க்குச் சித்தி முறை. லிங்கனின் தாய் லூசி ஹாங்க்ஸ் என்பவருக்குத் திருமணத்துக்கு முன் பிறந்தவர் என்று, லிங்கனே கூறியதாக அவருடைய வழக்கறிஞர் கூட்டாளி ஹெர்ண்டன் எழுதிவைத்தார். அந்த லூசியின் பெயர் ஜோசப்பின் உயிலில் இல்லை. கன்றுக்குப் பெயர் இருக்கிறது, மகளுக்கு இல்லை.

டி.என்.ஏ. சோதனை இத்தகைய புதிர்களைத் தீர்க்குமா?

சிலவற்றைத் தீர்க்கும். தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு மட்டும் செல்லும் மைட்டோகாண்ட்ரியா மரபணு, மகள் வழியாகவே தொடர்கிறது. ஹாங்க்ஸ் குடும்பப் பெண்வழியில் இன்று வாழ்வோரைச் சோதித்த ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. எக்ஸ்1சி என்ற மிக அரிய வகை அவர்களிடம் பொருந்தியிருந்தது. லூசி, ஜோசப் ஹாங்க்ஸின் மனைவி ஆன் லீயின் மகள் என்ற முடிவை அது வலுப்படுத்தியது. ஆனால் மாதிரி கொடுத்த ஒவ்வொருவரையும் ஹாங்க்ஸ் பெண்களோடு இணைக்கக் காகிதச் சான்று தேவைப்பட்டது. எச்சிலைக் குப்பியில் அனுப்பிவிட்டால் வமிசாவளி தபாலில் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். இரு பக்கப் பெற்றோரிடமிருந்தும் வரும் பொது மரபணுச் சோதனை ஐந்தாறு தலைமுறைகளுக்கு மேல் உறுதியாகப் பேசுவதில்லை.

அடிமைப்படுத்தப்பட்டோரின் வழிவந்த குடும்பங்களுக்கும் இதே முறை பொருந்துமா?

1870 வரை பொருந்தும். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் கணக்கெடுப்பில் முதன்முதலாக இடம்பெற்றது அந்த ஆண்டில்தான். 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டுமே உண்டு. ஆகவே 1865 முதல் 1872 வரை இயங்கிய விடுதலை பெற்றோர் நலத்துறைப் பதிவுகள், விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கியின் கணக்குப் படிவங்கள் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அதன்பின் உடைமையாளர் குடும்பத்தின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் தேட வேண்டும். அங்கே மனிதர்களின் பெயர்கள் மாடுகளுக்கும் கலப்பைகளுக்கும் நடுவே விலையோடு எழுதப்பட்டிருக்கும். லிங்கனின் வர்ஜீனியா உறவினர்களிலும் மேரியின் பிறந்தகமான டாட் குடும்பத்திலும் அடிமைகளை வைத்திருந்தோர் உண்டு. எனவே அக்குடும்பங்களின் ஆவணங்களே வேறு பல குடும்பங்களின் வேர்களும் ஆகும்.

இணையத்தில் ஏற்கெனவே வரைந்துவைத்திருக்கும் குடும்ப மரங்களைப் பயன்படுத்தலாமா?

குறிப்பாகப் பயன்படுத்தலாம், சான்றாகக் கொள்ளக் கூடாது. நூறு மரங்களில் ஒரே செய்தி இருந்தால், ஒருவர் எழுதியதைத் தொண்ணூற்றொன்பது பேர் படியெடுத்திருக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலும் பொருள். இந்தப் பழக்கம் இணையத்தோடு பிறந்ததுமன்று. 1942இல் இறந்த குஸ்டாவ் அஞ்சு என்பவர், செல்வர்களுக்குப் பெரும் கட்டணத்தில் போலி வமிசாவளிகளைத் தயாரித்து விற்றார்; அவருடைய கற்பனை முன்னோர் இன்றும் பல மரங்களில் உயிரோடு இருக்கிறார்கள். மூல ஆவணத்தின் படத்தைப் பார்க்க, சால்ட் லேக் சிட்டியை மையமாகக் கொண்ட ஃபேமிலிசர்ச் தளம் கட்டணமில்லாமல் உதவுகிறது. தேசிய ஆவணக் காப்பகமும் மாநில ஆவணக் காப்பகங்களும் பலவற்றை வெளியிட்டிருக்கின்றன. நியூ இங்கிலாந்துக் குடும்பங்களுக்கு, 1845இல் பாஸ்டனில் தொடங்கிய வமிசாவளிச் சங்கத்தின் தொகுப்புகளைவிட வளமானவை குறைவு.

லிங்கனின் நேரடி வழித்தோன்றல்கள் இன்று இருக்கிறார்களா?

இல்லை. நான்கு மகன்களில் எட்வர்ட், வில்லி, டாட் மூவரும் இளமையிலேயே இறந்தார்கள். மூத்தவரான ராபர்ட் மட்டும் 1926 வரை வாழ்ந்தார். ராபர்ட்டின் ஒரே மகன் ஜாக் பதினாறு வயதில் இறந்தார். இரண்டு மகள்களின் பிள்ளைகள் மூவருக்கும் வாரிசு இல்லை. அவர்களுள் கடைசியானவரான ராபர்ட் டாட் லிங்கன் பெக்வித் 1985 டிசம்பர் 24இல் காலமானதோடு ஐயத்துக்கிடமில்லாத வழி முடிவுற்றது. ஆகவே, தம்மை லிங்கனின் வாரிசு என்று சொல்லும் ஒருவரை நீங்கள் சந்தித்தால், அவரிடம் கேட்க வேண்டியது அவர் எந்த லிங்கனின் வாரிசு என்பதே. பெரியப்பாக்கள் மொர்தெகாய், ஜோசையா வழியிலோ, சாமுவேலின் மற்றப் பிள்ளைகளின் வழியிலோ அவர் வந்திருக்கலாம். ஹிங்கமின் பீப்பாய் செய்யும் தாமஸ் வழியிலும் வந்திருக்கலாம்.